எலும்பு சேர்ந்த கதை

முதுகு என்று ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே நாற்பத்து மூன்று வயது வரை எனக்குத் தெரியாது. முகம் இருப்பது கண்ணாடியில் தெரிகிறது. வயிறு இருப்பது பசிக்கிறபோது தெரிகிறது. முதுகு, பிறர் பார்ப்பதற்கென்று ஏற்பட்டது. என் கதாபாத்திரங்கள் சிலரை 'முதுகெலும்பில்லாதவர்கள்' என்று ஒரு விமர்சகர் எழுதியபோது எனக்குக் கோபம் வந்ததே தவிர, அந்த உறுப்பைப் பற்றி அப்போதும் நான் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்காமல் இருக்க முடிகிற வரையில்தான் ஒரு மனிதன் ஆரோக்கியமாக இருக்கிறான் என்பது இப்போது தெரிகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பழையபடி ஆயிட்டீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது சுருக்கமான பதில். முழுப் பதில் அல்ல. முழுப் பதிலைச் சொல்லப் புகுந்தால் என் முதுகைப் பற்றிச் சொல்வதைவிட வேறு இருவர் முதுகைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2021-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை யாரோ சூட்டுக்கோலை இழுத்தது போல் ஒரு வலி. ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்தேன், வலி போய்விட்டது. எழுந்து நடந்தேன், திரும்பவும் வந்துவிட்டது. அன்று முதல் கடை கடையாக உட்கார்ந்து போகிறவனாக ஆனேன். ஊரில் எந்தக் கடை வாசலில் படி அகலம், எந்தக் கடைக்காரர் உட்கார்ந்தால் முகம் சுளிக்க மாட்டார் என்றெல்லாம் எனக்கு அத்துபடி ஆயிற்று. தைலம் பார்த்தேன், கட்டுப் போட்டேன், மாத்திரை விழுங்கினேன். ஒன்றே கால் வருஷம் இப்படிப் போயிற்று. கடைசியில் கால் கட்டைவிரலைத் தூக்க முடியாமல், நடக்கிறபோது செருப்பு தானாகக் கழன்று பின்தங்க ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரிக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தேன். அது 2023 ஜனவரி. பொங்கல் கழிந்த மறுவாரம்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கணுக்கள். கழுத்தில் ஏழு, நடுமுதுகில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. எனக்கு இடுப்பின் நாலாவது கணு, ஐந்தாவதன் மேலிருந்து முன்பக்கமாக நழுவி, நடுவே இறங்குகிற நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது. நெரிபட்ட நரம்புக்கு இடம் பண்ணிக் கொடுத்து, அந்த இரண்டு கணுக்களையும் இனி அசையாதபடி ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அதற்கு நாலு டைட்டானியம் திருகாணி, இரண்டு சிறு தண்டு. இடையிலே வைத்து அடைக்க என் எலும்பிலிருந்தே எடுத்த துணுக்குகள்.

"ஸ்க்ரூ போட்டுட்டா சேர்ந்துடும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரூ எதையும் சேர்க்காது சார்," என்றார் அவர். "அது பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கும். சேர வேண்டியது எலும்பு. அதுக்கு ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். எலும்பு சேரலேன்னா என்னிக்காவது ஒரு நாள் ஸ்க்ரூ தளர்ந்துபோகும், இல்லேன்னா உடையும். சிகரெட் பிடிப்பீங்களா?"

"எப்பவாவது," என்றேன். நாளொன்றுக்குப் பதினைந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த எப்பவாவதும் கூடாது. நிகோட்டின் எலும்பு வளர விடாது."

இந்தச் சிகிச்சை புதியதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1911-இல் நியூயார்க் நகரத்திலே ரஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதைச் செய்து பார்த்து உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் காசநோயால் முதுகெலும்பு அரிக்கப்பட்டவர்கள். ஆல்பி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலிருந்து ஒரு சீவலை எடுத்து முதுகிலே பதித்தார். ஹிப்ஸ், அந்தக் கணுக்களிலிருந்தே சில்லுகளைப் பெயர்த்துப் பக்கத்துக் கணுவின் மேல் சாய்த்து வைத்தார். திருகாணியும் தண்டும் அவர்கள் முறையில் இல்லை. எலும்பு தானாகச் சேருகிற வரையில் நோயாளி அசையாமல் கிடக்க வேண்டியதுதான். என்னை ஆபரேஷன் ஆன மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். நூறு வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. எலும்பு சேருவதற்கு எடுத்துக்கொள்கிற காலம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது மூன்று கட்டளைகள் எழுதிக் கொடுத்தார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு இது சட்டம். படித்தபோது சுலபமாகத் தோன்றியது. ஒரு மனிதன் காலையிலிருந்து இரவு வரை எத்தனை தடவை குனிகிறான் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முகம் கழுவக் குனிகிறோம். செருப்பு மாட்டக் குனிகிறோம். விழுந்த பேனாவை எடுக்க, வேட்டியைத் தழைத்துக் கட்ட, பெரியவர் காலைத் தொட, சாப்பிட, கால் கழுவ எல்லாவற்றுக்கும் குனிகிறோம். நிமிர்ந்து நடப்பதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம்; குனியாமல் ஒரு நாள்கூடக் கழியாது என்பதை யாரும் பேசுவதில்லை.

பண்ருட்டியில் எங்கள் வீடு பழைய வீடு. வாசலில் ஐந்து படி. கக்கூஸ் கொல்லைக் கோடியில். குந்தி உட்காருகிற வகை. என் மனைவி பள்ளிக்கூடத்து ஆசிரியை. காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவாள். மகனுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "நேரா இங்க கொண்டாந்து விடுங்க."

அக்கா இருப்பது நெய்வேலியில். பண்ருட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பிரயாணம்கூட இல்லை. ஆனால் அது வேறு உலகம். எங்கள் ஊர், பலா மண்டியும் முந்திரிக் கிடங்கும் லாரியும் தள்ளுவண்டியுமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வளர்ந்த ஊர். நெய்வேலி, காகிதத்தில் கோடு போட்டு அதன்மேல் கட்டிய ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்றும், அதுதான் பழுப்பு நிலக்கரி என்றும் எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் பின் எழுந்த நகரியத்தில் தெருக்களுக்குப் பதில் வட்டங்கள். வட்டங்களுக்குப் பெயருக்குப் பதில் எண்கள். மேடு பள்ளமில்லாத, மரம் கவிந்த, நேரான ரோடுகள். நடக்கப் பழகுகிறவனுக்காகவே போட்டது போலிருக்கும். மாமா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். ஓய்வு பெற அப்போது இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

அக்காவுக்கு என்னைவிட ஏழு வயது மூப்பு. சிறு வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அதை அவள் அடிக்கடி சொல்லிக் காட்டுவாள், நாங்கள் சிரிப்போம். நாற்பத்து நாலு வயதில் அதே அக்காவின் கைக்குத் திரும்பி வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படுக்கையிலிருந்து எழுந்திருக்க ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உருட்டிவிட்ட மரக்கட்டை போல உடம்பு முழுவதும் ஒன்றாகப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். அந்தப் புரளலுக்கு முதல் பத்து நாள் அக்காவின் கை வேண்டியிருந்தது. கால் கழுவிவிட அவள். உள்ளாடையைக் காலில் மாட்டிவிட அவள். வைத்த இடத்தில் இல்லாத மூக்குக் கண்ணாடியைக் கட்டிலுக்கடியில் தேடி எடுக்க அவள். முன்பின் பார்க்காத நர்ஸ் செய்தபோது எனக்கு வெட்கமில்லை. அக்கா செய்தபோது அவமானமாக இருந்தது. அவமானம் என் போன்றவர்களுக்கு உடனே கோபமாக மாறிவிடும். வெந்நீர் சூடு போதவில்லை, தலையணை உயரம் சரியில்லை என்று எரிந்து விழுந்தேன். ஒரு நாள் அவள் கீழே உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும் விடு, இதெல்லாம் நீ ஏன் பண்ற?" என்று காலை இழுத்துக்கொண்டேன்.

"ஆடாதடா. சதையில பட்டுடும்," என்றாள். அவ்வளவுதான். மற்றக் காலையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்துக்காரனுக்கு வலி என்றாலே அப்பர் நினைவு வராமல் இருக்காது. பண்ருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கெடிலக் கரையில் இருக்கிறது திருவதிகை. அங்கேதான் அவருக்குச் சூலை நோய் தீர்ந்தது என்று பெரிய புராணம் சொல்லுகிறது. வலி பொறுக்க முடியாமல் அக்காவைத் தேடி வந்தார், அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார், தம்பி பாடினார், நோய் நீங்கிற்று. சிறு பிள்ளையில் அந்தக் கோயில் பிரகாரத்தில் ஓடி விளையாடிய காலத்திலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். எப்போதும் அது எனக்குப் பாடியவரின் கதையாகவே இருந்தது. நெய்வேலியில் மல்லாந்து கிடந்தபோதுதான் அது அக்காவின் கதையும்கூட என்று பட்டது. அந்த அம்மாளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை போரில் மாண்டுபோனார். தாமும் உயிரை விட்டுவிட நினைத்தவர், தம்பிக்காக உயிரோடு இருக்கச் சம்மதித்தார். அப்புறம் தம்பி அவரை விட்டுவிட்டு வேறு சமயத்தைத் தேடிப் போய்விட்டான். வலி வந்ததும் திரும்பி வந்தான். 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?' என்று கேட்டு வாசலில் நிறுத்தி வைக்காத அந்தக் குணத்தை நான் எத்தனை தரம் படித்திருந்தும் கவனித்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நோய் தீர்ந்த அப்பர் என்ன செய்தார்? உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். குனிந்து செய்கிற வேலை அது. வலி போனதும் அவர் முதலில் கேட்டுப் பெற்றுக்கொண்ட வரம் குனிவதற்கான வரம்தான் போலும் என்று எனக்குத் தோன்றிற்று. புலவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். குனிய முடியாமல் கிடக்கிறவன் எதைப் படித்தாலும் அப்படித்தான் படிப்பான்.

நடப்பதுதான் எனக்கு விதித்திருந்த ஒரே பயிற்சி. முதலில் வீட்டு வாசல் வரை. பிறகு தெருமுனை வரை. ஒன்றரை மாதத்தில் வட்டத்தைச் சுற்றி ஒரு மைல். விடியற்காலையில், ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற மாமாவும் சில நாள் கூட நடப்பார். நான் சுரங்கத்து ராட்சச எந்திரத்தைப் பற்றிக் கேட்பேன். ஒரு பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள். சுழன்று சுழன்று மலை போன்ற மண்ணைத் தின்கிற அந்த எந்திரத்தைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் ஆசைப்படுவார்கள்.

"எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க மச்சான்," என்றார் ஒரு நாள். "கரிக்குக் கீழ தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. அத ராவும் பகலும் பம்பு வச்சு எடுத்துக்கிட்டே இருக்கணும். எடுக்கலேன்னா சுரங்கத்து அடி தூக்கிக்கும். அப்புறம் எந்த மெஷினு நிக்கும்? ஆனா பம்ப யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க."

அவர் சுரங்கத்தைப் பற்றித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், அடுப்படியில் எங்கள் இருவருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தபோது, நான் வேறு அர்த்தம் செய்துகொண்டேன்.

இவ்வளவு தெரிந்தவன் அதன் பிறகு ஒழுங்காக இருந்திருப்பான் என்று நீங்கள் நினைத்தால், அது என் எழுத்தின் மேல் உங்களுக்குள்ள மரியாதை. என்னைப் பற்றிய உண்மை அல்ல. ஒன்பதாவது வாரத்தில் ஒரு மாலை தனியாக நடக்கப் போனேன். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. செருப்பு காலை விட்டுக் கழலவில்லை. குணமாகிவிட்டோம் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்ததும் கூடவே மற்றதும் வந்தது. ஒரு டீக்கடையில் நின்றேன். ஒரே ஒரு சிகரெட். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் புகை உள்ளே போனபோது தலை சுற்றிற்று, சொர்க்கமாகவும் இருந்தது. வாயைக் கொப்பளித்தேன், ஏலக்காய் வாங்கி மென்றேன், திருடனைப் போல இன்னும் ஒரு சுற்று நடந்து காற்றில் சட்டையை உலர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

அக்கா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள். மேஜை உயரத்தில் தட்டு வைத்து, எனக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்தாள். மாமா வேலைக்குப் போய்விட்டிருந்தார். தட்டை எடுக்கும்போதுதான் பேசினாள்.

"மூணு மாசம் நீ குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ குனியல. உனக்கும் சேத்து நான் குனிஞ்சேன். இன்னிக்கி அத ஊதிட்டு வந்துட்ட."

அவள் குரலில் கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போகிறபோது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். எத்தனை நாளாக அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்? எனக்குத் தெரியாது. ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு நாளைக்கு எத்தனை முறை எனக்காகக் குனிந்து நிமிர்ந்தாள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. என் வலியைத்தான் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன்.

அன்றோடு சிகரெட் நின்றது. மன உறுதியால் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அந்த ஒரு வாக்கியம் சிகரெட்டைவிடக் காரமாக இருந்தது, அதனால் நிறுத்தினேன்.

அந்த நாட்களில் ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களில் டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை வரலாறும் ஒன்று. டோரதி கிளார்க் வில்சன் எழுதி 1963-இல் வெளிவந்தது. மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே டாக்டராக இருந்தவர். 1954-இல் ஒரு கார் விபத்தில் அவருடைய முதுகெலும்பு பழுதாகி, இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்குப் 'பழையபடி' என்பதே கிடையாது. வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், இந்த வேலையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழி காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் பிறர் கைகளை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் கிணற்றில் விழுந்தவர்களும் அங்கே வந்தார்கள். எழுந்து நடக்க முடியாவிட்டாலும் வீட்டுக்குத் திரும்பி ஏதேனும் ஒரு தொழிலைச் செய்து பிழைக்க அங்கே கற்றுக்கொண்டார்கள். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1986-இல் காலமானார்.

அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள நான் துணியமாட்டேன். என்னுடையது நாலு திருகாணி விவகாரம். ஆனாலும் ஒன்று கற்றுக்கொண்டேன். விபத்துக்கு முன்னாலிருந்த வாழ்க்கைக்கு அவர் திரும்பவில்லை. பிறருக்குப் பயன்படுகிற வாழ்க்கைக்குத் திரும்பினார். குணமாவது என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அதுவரை நான் வைத்திருந்த அளவுகோல், தரையில் சம்மணமிட்டு எழுத முடிகிறதா என்பதுதான்.

சித்திரை பிறந்ததும் பண்ருட்டிக்குத் திரும்பினேன். பலாப்பழ சீசன் ஏறிக்கொண்டிருந்தது. மண்டி வாசல்களில் பழங்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன, ஊரே மணத்தது. எங்கள் தெருமுனை மண்டியில் சுமை தூக்குகிறவர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும், எனக்குப் பல வருஷப் பழக்கம். இருபது கிலோ, முப்பது கிலோப் பழங்களைச் சும்மாட்டின் மேல் வாங்கி லாரியில் ஏற்றுகிறவர். நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருவதைப் பார்த்து, சுமையை இறக்கிவிட்டு வந்தார்.

"இன்னா சார், முதுவுல ஆபரேசனாமே?"

சொன்னேன். எங்கே வலித்தது, எப்படிக் காலுக்கு இறங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்தபோது அவர் முகம் மாறிற்று.

"கட்ட வெரலு மரத்துப் பூடுமா? செருப்பு நிக்காதா?"

"ஆமாண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தம் இடது காலைக் காட்டினார். செருப்பைச் சணல் கயிற்றால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

நான் உடனே பெரிய மனிதனாகிவிட்டேன். தள்ளிப் போடக்கூடாது என்றேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அரசாங்கத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அதற்குள் வருமா என்று விசாரிக்கலாமே என்றேன். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ ஏழைகளை ஆபரேஷன் மேஜை வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அதை மறுக்க முடியாது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆபரேசன் ஆனப்பறம் எத்தினி நாளு சார் சும்மா இருந்தீங்க?" என்றார்.

"மூணு மாசம். கனம் தூக்க ஒரு வருஷம் ஆகலாம்னு சொல்லியிருக்காங்க."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல. குழந்தை ஏதோ தெரியாமல் பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஆபரேசனுக்கு அட்ட குடுக்குறாங்க சார். படுத்துக் கெடக்குறதுக்கு யாரு அட்ட குடுப்பாங்க?"

அவருக்கு மனைவி இருக்கிறாள்; முந்திரிக் கிடங்கில் கொட்டை உடைக்கப் போகிறாள். அவள் குனிந்து இவரைப் பார்த்துக்கொண்டால், கூலிக்குக் குனிவது யார்? எனக்கு மாதச் சம்பளம் வாங்குகிற மனைவி இருந்தாள். நெய்வேலியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என் எழுத்து, நின்றுகொண்டும் செய்யக்கூடிய வேலை. அலமாரித் தட்டில் காகிதத்தை வைத்து நின்றபடியே இரண்டு அத்தியாயம் எழுதினேன். இத்தனையும் சேர்ந்துதான் என் கணுக்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் என்னவோ என் உடம்பின் வலுவால் தேறிக்கொண்டு வருவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அவருக்காக ஏதேனும் செய்தேனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்தது, முந்திரி மூட்டை வந்துவிட்டது. கதையாக இருந்தால் நான் இதற்கு ஒரு நல்ல முடிவு கண்டுபிடித்திருப்பேன்.

2024 ஜனவரியில், ஒரு வருஷம் நிறைந்ததும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, இரண்டு கணுக்களுக்கும் நடுவே வெண்மையாக ஓடுகிற ஒரு பாலத்தைக் காட்டினார். "சேர்ந்துடுச்சு சார். இனிமே ஸ்க்ரூவுக்குப் பெரிய வேலை இல்லை. அது பாட்டுக்கு உள்ளே இருக்கும்," என்றார். முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து நேராகக் குனியலாம், தரையில் உட்காரலாம், அளவாகத் தூக்கலாம்.

பஸ்ஸைப் பிடித்து நேரே நெய்வேலிக்குப் போனேன். அக்கா படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எலும்பு எதுடா? எனக்கு ஆணிதான் தெரியிது."

விரலால் காட்டினேன். "ம்ம்" என்றாள். அவளுக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. படத்தை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, இலை போடட்டுமா என்று கேட்டாள். நான் தரையில் பாயை விரித்தேன். மெல்ல உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்தத் தடவை பரிமாறக் குனிந்தபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். "நீயும் உட்காரு, நானே போட்டுக்கிறேன்," என்றேன். முதலில் மறுத்தாள், பிறகு உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது நான்தான். அதிக கனமில்லை.

சாயங்காலம் பண்ருட்டியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எந்தக் கடைப் படியிலும் உட்காரவில்லை. தெருமுனையில் லாரியிலிருந்து முந்திரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவரும் இருந்தார், காலில் அதே சணல் கயிறு. என் கையிலிருந்த பெரிய உறையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சேந்துடிச்சா சார்?"

"சேந்துடிச்சுண்ணே."

"ரொம்ப நல்லது சார்," என்றார் மனதார. சும்மாட்டைச் சரி செய்துகொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.